யார் சொன்னது?

விழுப்புரத்தில் பொதுக்கூட்டம். இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கி ஓய்ந்தது, நாமும் ஓய்ந்தோம். ரயிலடிக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் தோழர்கள் சூழ நின்றுகொண்டிருந்தோம். அன்று மேடையில் நாம் முழங்கியது இது: "கண்ணால் கண்டதைக் கொள்! காதால் கேட்டதைத் தள்! தாத்தா சொன்னார், தாத்தாவின் தாத்தா சொன்னார் என்று தலையாட்டிய காலம் போதும்!" கைதட்டல் கிடைத்தது. கைதட்டல் கிடைத்த பேச்சு சரியான பேச்சுத்தான் என்று எண்ணிக்கொள்வது மேடைப் பேச்சாளனுக்கே உரிய நோய். நமக்கும் அந்த நோய் உண்டு.

கூட்டத்தில் நின்றிருந்த பெரியவர் ஒருவர் அருகே வந்தார். ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தோளில் துண்டு, கையில் தேநீர்க் குவளை. கேட்டார்:

"தம்பி, காதால கேட்டதைத் தள்ளுன்னீங்க. நீங்க சொன்னதையே நாங்க காதாலதானே கேட்டோம்? அதை என்ன பண்றது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தனர். நாமும் சிரித்துச் சமாளித்தோம். "தீர விசாரிக்கணும் அண்ணே" என்றோம். விடவில்லை அவர்.

"தீர விசாரிக்கணும்னாலும் யாரையாவதுதானே விசாரிக்கணும்? அவர் சொல்றதும் காதாலதானே வரும்?"

கேள்வியா அது? சம்மட்டி! அன்றிரவு திண்டிவனம் செல்லும் பேருந்தில் அமர்ந்து எண்ணினோம், எண்ணினோம், எண்ணிக்கொண்டே இருந்தோம். தோழர்களே! அந்தப் பெரியவர் நம்மிடம் கேட்ட கேள்வியை உங்களிடமும் கேட்காமல் விட மனமில்லை.

உன் பிறந்த நாள் எது என்று கேட்டால் தயங்காமல் சொல்கிறோமே, அதை நாம் கண்டோமா? தாய் சொன்னாள். தாய் மறந்த வீட்டில் பள்ளிக்கூடத்து வாத்தியார் சொன்னார். ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டுமே என்று, பையனின் வலக்கை தலைக்கு மேலாகச் சென்று இடக்காதைத் தொடுகிறதா என்று பார்த்து, ஜூன் மாதத்தில் ஒரு தேதியை எழுதிக்கொண்ட வாத்தியார்கள் எத்தனை பேர்! அந்தத் தேதியில்தான் வேலைக்குச் சேர்ந்தோம், அந்தத் தேதியில்தான் ஓய்வும் பெறுகிறோம். தாய் யார், தந்தை யார் என்பதும் பிறர் சொல்லத் தெரிந்ததே!

இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த வாதம் அன்று. சாத்தனாரின் மணிமேகலை வஞ்சி மாநகரில் பல சமயத்தாரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டு வருகிறாள். பூதவாதி என்பவன், கண்கூடாகக் காண்பதே மெய், மற்ற அளவைகள் எல்லாம் செல்லா என்கிறான். நம் மேடை முழக்கத்துக்கு அண்ணன்! அவனை அவள் ஒரே கேள்வியில் மடக்குகிறாள்: உன் தாய் தந்தையரை நீ எதனால் அறிந்தாய், அனுமானத்தால் அன்றோ என்று. அந்த அனுமானத்துக்கு அடிப்படை எது? ஊரார் சொல், உற்றார் சொல். ஒரு பெண் கேட்ட கேள்விக்குப் பூதவாதியிடம் மறுமொழி இல்லை. பல நூற்றாண்டு கழித்து விழுப்புரத்து ரயிலடியில் அதையே ஒரு தொழிலாளி கேட்கிறார், நமக்கும் மறுமொழி இல்லை.

வள்ளுவரும் 'கேள்வி' அதிகாரத்தை 42ஆவதாக வைத்தார். 'அறிவுடைமை'யை 43ஆவதாக வைத்தார். கேட்பதைச் செல்வம் என்று சொல்லிவிட்டுத்தான், கேட்டதில் மெய் காண்பதைப் பற்றிப் பேச வருகிறார். கேளாதே என்று அவர் எங்கும் சொல்லவில்லை. நாம்தான் சொன்னோம், கைதட்டலுக்காக.

மறுவாரம் அந்தப் பெரியவரைத் தேடிச் சென்றோம். விழுப்புரம் சந்திப்பு எப்படிப்பட்டது என்பதைத் தோழர்கள் அறிவர். சென்னைக்கு ஒரு பாதை, விருத்தாசலம் வழியே திருச்சிக்கு ஒரு பாதை, கடலூர் வழியே மயிலாடுதுறைக்கு ஒரு பாதை, திருவண்ணாமலை வழியே காட்பாடிக்கு ஒரு பாதை, புதுச்சேரிக்கு ஒரு பாதை, ஆக ஐந்து. இந்த ஐந்து பாதையிலும் இரவு பகலாக ஓடும் வண்டிகள் எதை நம்பி ஓடுகின்றன என்று கேட்டோம்.

"பேச்சை நம்பித்தான் தம்பி" என்றார்.

விளக்கமும் சொன்னார். முன்பெல்லாம் ஒற்றைப் பாதையில் வண்டியை அனுப்ப வேண்டுமானால் இந்த நிலையத்து மாஸ்டர் அடுத்த நிலையத்து மாஸ்டரிடம் 'லைன் கிளியர்' கேட்பார். அடுத்த நிலையமோ மைல் கணக்கில் தொலைவு. பாதை காலியா என்று இவர் கண்ணால் காண முடியாது. அவர் சொல்ல வேண்டும், இவர் நம்ப வேண்டும். ஆனால் வெறும் சொல்லை நம்பி விட்டுவிடவில்லை. இரண்டு நிலையங்களிலும் டோக்கன் கருவி இருக்கும்; இரண்டும் கம்பியால் பிணைக்கப்பட்டவை. அங்கே அவர் இசைவு கொடுத்தால்தான் இங்கே இரும்புப் பந்து வெளியே வரும். ஒரு பந்து வெளியே இருக்கும்வரை இரண்டு கருவியிலிருந்தும் மறு பந்து வராது. அந்தப் பந்தைப் பையிலிட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி ஓட்டுநரிடம் நீட்டுவார்கள். பந்து கையில் இருந்தால் பாதை அவருடையது.

எவ்வளவு அருமையான ஏற்பாடு, பாருங்கள்! இசைவு கொடுத்தவர் நல்லவரா, கெட்டவரா, தூக்கக் கலக்கத்தில் இருக்கிறாரா என்று ஆராய்ந்துகொண்டிருக்காமல், தப்பாகச் சொன்னாலும் இரும்பு தடுக்கும்படி செய்துவிட்டார்கள்.

கருவி இல்லாத இடத்தில்? அங்கே 'பிரைவேட் நம்பர்'. கேட் கீப்பரிடம் எண்கள் அச்சடித்த தாள் ஒன்று இருக்கும். எண்கள் வரிசையாக இரா, முன்பின்னாக இருக்கும். வண்டி வருகிறது என்று நிலையத்திலிருந்து தொலைபேசியில் சொன்னதும் அவர் கேட்டை மூடிப் பூட்டிவிட்டு, தாளில் உள்ள அடுத்த எண்ணைச் சொல்லி, அதை அடித்துவிட வேண்டும். நிலையத்திலும் அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார்கள். எண் கிடைத்ததென்றால் கேட் மூடியாயிற்று என்று பொருள்.

பெரியவர் இதைச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்பது நமக்குப் புரிந்தது.

2025 ஜூலை 8, காலை நேரம். விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் பயணி வண்டி, கடலூரைத் தாண்டிச் செம்மங்குப்பம் கேட்டில் ஒரு பள்ளி வேன் மீது மோதியது. மாணவர் மூவர் மாண்டனர். பள்ளிச் சீருடையுடன் வீட்டை விட்டுக் கிளம்பிய பிள்ளைகள்! அந்தக் கேட் சிக்னலோடு பிணைக்கப்படாத கேட். பிணைக்கப்பட்டிருந்தால், கேட் மூடினாலொழியச் சிக்னல் விழாது. அங்கே இருந்தது கேட் கீப்பரின் சொல் மட்டுமே. மூடாத கேட்டை மூடியதாகச் சொல்லி எண் கொடுக்கப்பட்டது என்பது விசாரணையில் வெளிவந்தது. நிலையத்தில் இருந்தவர் எண்ணைக் கேட்டார், நம்பினார், எழுதினார். முறைப்படிதான் எல்லாம் நடந்தது, கேட் திறந்திருந்தது என்பது ஒன்றைத் தவிர!

அதோடு முடியவில்லை. விபத்து நடந்த சில மணி நேரத்தில் ரயில்வேயின் தரப்பிலிருந்து ஒரு சொல் வந்தது: வேன் ஓட்டுநர் வற்புறுத்தியதால்தான் கேட் கீப்பர் அனுமதித்தார் என்று. வேன் ஓட்டுநர் மறுத்தார். உயிர் தப்பிய மாணவர் கேட் திறந்தே இருந்தது என்றார். ஒரு பக்கம் ஒரு பெரிய துறையின் அறிக்கை. மறுபக்கம் மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும் ஒரு பையன். அந்தக் காலை நேரத்தில் யார் சொல்லை நம்பியிருப்போம் நாம்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், தோழர்களே. முத்திரை குத்திய தாளில் வந்தால் அது மெய், அடிபட்ட பையன் வாயில் வந்தால் அது வெறும் பேச்சு என்று எண்ணும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் பையன் கேட்டருகே இருந்தவன். அறிக்கை எழுதியவர் இருந்தவர் அல்லர்.

அதன் பிறகு ரயில்வே அமைச்சகம், கேட்டுகளில் கண்காணிப்புக் கேமரா வைக்கவும், கேட் கீப்பர்களும் நிலையத்தாரும் பேசும் பேச்சின் ஒலிப்பதிவை நாள்தோறும் சிலவற்றையேனும் எடுத்துச் சோதிக்கவும், இன்னும் பல கேட்டுகளைச் சிக்னலோடு பிணைக்கவும் உத்தரவிட்டது. மூன்று உயிர் போன பிறகு வந்த உத்தரவு. ஆனாலும் அதில் ஒரு பாடம் இருக்கிறது: பிறர் சொல்லை நம்பாதே என்று அவர்கள் உத்தரவிடவில்லை. அப்படி உத்தரவிட்டால் மறுநாள் ஒரு வண்டி ஓடாது. சொல்லைச் சோதிக்க வழி செய் என்றார்கள்.

திண்டிவனம் தோழர்கள் திருவக்கரைக்குப் போயிருப்பீர்கள். போகாதவர்கள் போய் வாருங்கள். மயிலம் வழியே சென்றால் அரை நாளில் பார்த்துவிட்டுத் திரும்பலாம். ஊருக்குக் கிழக்கே, மேட்டில், மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. படுத்துக் கிடக்கும் யானைகள் போல! சிறு வயதில் நம்மை அழைத்துச் சென்ற உறவினர் சொன்னார்: "இதெல்லாம் வக்கிராசுரனோட எலும்பு." நம்பினோம். ஏன் நம்பமாட்டோம்? சொன்னவர் நம்மைத் தோளில் தூக்கி வந்தவர். கிடந்ததோ எலும்பு நிறத்தில் கிடந்தது.

பின்னாளில் படித்தோம்: அவை மரங்கள், ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுக்கு முற்பட்டவை, மண்ணுக்கடியில் புதைந்து, நீரில் கரைந்து வந்த சிலிக்கா மரத்தின் நார் நாராக ஊறி நிரம்பிக் கல்லானவை என்று. உடனே மேடை ஏறினோம். "எலும்பு என்றானே ஏமாளி, மரம் என்கிறது அறிவியல்!" என்று முழங்கினோம்.

பெரியவரின் கேள்விக்குப் பிறகு அந்த முழக்கமும் நமக்கு உறைக்கிறது. இரண்டு கோடி ஆண்டை நாம் எண்ணிப் பார்த்தோமா? இல்லை. உறவினர் சொன்னதைக் கேட்டது போலவே நிலவியலார் சொன்னதையும் கேட்டோம். அதுவும் கேள்வி, இதுவும் கேள்வி. அப்படியானால் எலும்புக் கதையும் மரக் கதையும் ஒன்றுதானா? விரும்பியவர் விரும்பியதை எடுத்துக்கொள்ளலாமா?

அன்று! ஆயிரம் முறை அன்று! நிலவியலார் சொல்லும்போது, வந்து பார் என்கிறார். குறுக்கே உடைந்த தண்டில் வட்ட வட்டமாக வளையம் தெரிகிறது பார், கணுத் தெரிகிறது பார், பட்டை உரிந்த தடம் தெரிகிறது பார் என்கிறார். வேரும் கிளையும் இல்லாத தண்டாகக் கிடக்கிறதே, ஆகவே இவை இங்கே வளர்ந்தவை அல்ல, வெள்ளம் அடித்து வந்து சேர்த்தவை என்று காரணம் காட்டுகிறார். நாளை வேரோடு நின்ற மரம் ஒன்று அங்கே அகப்பட்டால் தம் சொல்லை மாற்றிக்கொள்வார். அரக்கன் எலும்பு என்றவரிடம் எந்த எலும்பு, காலா கையா, மூட்டு எங்கே என்று கேட்டுப் பாருங்கள். அப்படியெல்லாம் கேட்கக் கூடாது என்பார். ஒரு சொல் கேள்வியைக் கூப்பிடுகிறது, மற்றொரு சொல் கேள்வியைக் கண்டு அஞ்சுகிறது. தந்தை பெரியார் தம் பேச்சில், நான் சொல்வதையும் அப்படியே ஏற்காதீர்கள், உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் கொள்ளுங்கள் என்று சொல்லி வந்தது இதற்காகத்தான். அதையும் நம்மில் பலர் பெரியார் சொன்னார் என்பதற்காகவே நம்புகிறோம். அது வேறு கதை.

ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். திந்திரிணி வனம் என்ற வடசொல்தான் திண்டிவனம் ஆயிற்று, புளியமரக் காடு என்று பொருள் என்கிறார்கள். சொல்லுங்கள், நல்லது, புளியங்காடு என்று தமிழிலேயே சொல்லியிருக்கலாமே என்று நமக்கு ஆதங்கம் உண்டு. ஆனால் ஆதங்கம் சான்று ஆகாது. நமக்குப் பிடித்த கதைதான் மெய் என்று நாமும் தொடங்கிவிட்டால் அரக்கன் எலும்புக்கும் நமக்கும் என்ன வேற்றுமை?

இனி, சொல்லவே நெஞ்சு நடுங்கும் ஒன்றுக்கு வருவோம். 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தோடு இருந்த கள்ளக்குறிச்சியில், 2024 ஜூன் மாதத்தில், கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு ஓராண்டு முன்னர்தான், 2023 மே மாதத்தில், மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்தில் பத்துக்கும் மேற்பட்டோர் இதே போல மாண்டிருந்தனர். இரண்டிலும் மெத்தனால்.

கண்ணால் கண்டதைக் கொள் என்றோமே! மெத்தனாலைக் கண்ணால் காண முடியுமா? நிறத்தில் வேற்றுமை இல்லை. மூக்குக்கும் நாக்குக்கும் தெரியாது. குடித்தவுடன் கொல்லவும் கொல்லாது, போதைதான் தரும். உடலுக்குள் சென்று, ஈரலில் மாறி, ஃபார்மிக் அமிலமாகி, பல மணி நேரம் கழித்துக் கண்ணை அவிக்கும், மூச்சைப் பிடிக்கும். அதற்குள் அதே சரக்கைத் தெருவே குடித்திருக்கும். அங்கே ஒருவனைக் காப்பாற்றக் கூடியது அவனுடைய கண் அன்று, நாக்கு அன்று; இன்னொருவர் சொல். "குடிக்காதே, பக்கத்து வீட்டுக்காரன் செத்தது அதனால்தான்" என்ற ஒரு சொல்.

அந்தச் சொல் வர வேண்டிய நேரத்தில் எந்தச் சொல் வந்தது? கள்ளச்சாராயம் காரணம் அன்று என்று முதலில் மாவட்ட ஆட்சியரின் வாயிலிருந்தே வந்தது. அதை நம்பித்தான் மேலும் சிலர் குடித்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். எந்தக் கட்சி ஆண்டது என்ற கணக்கை இங்கே போட நமக்கு விருப்பமில்லை. எழவு வீட்டில் கணக்குப் பார்ப்பதில்லை. ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வருமுன்னே 'அதனால் அன்று' என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. 'தெரியவில்லை, தெரியும்வரை யாரும் தொடாதீர்கள்' என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் பதவியின் மதிப்புக் குறைந்துவிடுமோ? நாற்காலியில் அமர்ந்தவர்களுக்குத் 'தெரியவில்லை' என்ற சொல் தொண்டையில் சிக்கும் முள்.

நாற்காலியை மட்டும் குறை சொல்லி நாம் தப்பிவிட முடியாது. மேடையும் ஒரு நாற்காலிதான்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மயிலத்தில் மட்டும் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் தெருவெல்லாம் ஏரி. அந்த நேரத்தில் திண்டிவனத்துத் தோழர் ஒருவர், தையற்கடைக்காரர், வீடு வீடாகச் சென்று பணம் திரட்டி அரிசியும் போர்வையும் வாங்கிக் கொடுத்தார். பெயர் வேண்டாம்.

சில வாரங்கள் கழிந்து அங்கே ஒரு தெருமுனைக் கூட்டம். பேசிக்கொண்டிருக்கும்போது மேடைக்கு ஒரு துண்டுச் சீட்டு வந்தது. 'நிவாரணப் பணத்தில் பாதியைத் தின்றுவிட்டான்' என்று எழுதி, தையற்கடைக்காரரின் பெயரையும் எழுதியிருந்தது. யார் எழுதினார்? கேட்கவில்லை. கணக்கு பார்த்தவரா? கேட்கவில்லை. கடைக்காரருக்கும் எழுதியவருக்கும் பகை உண்டா? கேட்கவில்லை. அந்த நேரம் நாவில் ஓர் அடுக்குமொழி வந்து நின்றது. "ஊசி பிடித்த கை உண்டியலையும் பிடித்ததாம்!" என்றோம். பெயர் சொல்லவில்லை; சொல்லத் தேவையே இல்லை. ஊரில் அந்த வேலைக்குப் போன ஊசிக்காரர் அவர் ஒருவரே. கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று.

மறுநாளே செல்பேசி வழியே அந்த ஒரு வரி மட்டும் ஊரெல்லாம் பறந்தது. நம் குரலோடு, நம் படத்தோடு. துண்டுச் சீட்டு எழுதியவன் எவனோ. இப்போது சொன்னவர் நாம்! கட்சிப் பேச்சாளரே சொல்லிவிட்டாரே என்றார்கள். அதாவது, யாரோ ஒருவனின் புறங்கூறலுக்கு நாம் பிரைவேட் நம்பர் கொடுத்துவிட்டோம். மூடாத கேட்டை மூடியதாகச் சொல்லிவிட்டோம்.

பத்து நாள் கழித்துக் கிளைத் தோழர்கள் அவருடைய நோட்டுப் புத்தகத்தை நம்மிடம் கொண்டுவந்து காட்டினார்கள். வாங்கிய ஒவ்வொரு ரூபாய்க்கும் பெயர். கொடுத்த ஒவ்வொரு போர்வைக்கும் கையெழுத்து அல்லது கைநாட்டு. அரிசிக் கடை ரசீது ஊசியால் தைத்து வைக்கப்பட்டிருந்தது. கணக்கில் இடித்தது ஒன்றுதான்: வரவைக் காட்டிலும் செலவு கூடுதல். அந்தக் கூடுதல் அவருடைய சொந்தப் பணம்.

கடைக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். தையல் எந்திரத்திலிருந்து அவர் எழுந்திருக்கவில்லை. "மேடையில சொன்னதை மேடையிலதானே அண்ணே திருப்பிச் சொல்லணும்" என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது.

சொன்னோம். அதே தெருமுனை, அதே மேடை. சீட்டு வந்ததையும், அதை நாம் விசாரிக்காததையும், நோட்டுப் புத்தகத்தில் கண்டதையும் ஒவ்வொன்றாகச் சொன்னோம். முதல் கூட்டத்துக்கு வந்தவர்களில் கால்வாசிப் பேர்தான் இருந்தார்கள். இந்தப் பேச்சை யாரும் செல்பேசியில் பிடிக்கவில்லை. கைதட்டல் இல்லை. இப்போதெல்லாம் நமக்கு மேடையில் சீட்டு வந்தால், எழுதியவரைக் கீழே நிற்கச் சொல்லி, இறங்கி வந்து கேட்கிறோம்: நீ பார்த்தாயா, யார் சொல்லக் கேட்டாய், உன்னோடு பார்த்தவர் வேறு யார் என்று. பாதிச் சீட்டுகளுக்கு ஆள் வருவதில்லை.

அன்று பேச்சு முடிந்து இறங்கும்போது தையற்கடைப் பக்கம் பார்த்தோம். கதவு சாத்தியிருந்தது. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கேட்டாரா, கேட்கவில்லையா, தெரியவில்லை. அதன் பிறகு நடந்த எந்தக் கூட்டத்துக்கும் அவர் வரவில்லை.